சாயங்காலம் ஆனாலே அழும் பச்சிளம் குழந்தை... தாய்ப்பால் பத்தலைன்னு அர்த்தமா?

பிறந்த முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலான குழந்தைகள் சமத்துதான். குடிக்கும், தூங்கும், துணியை நனைக்கும், மறுபடி தூங்கும். மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் கதை மாறும். விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் சிணுங்கல். ஏழு மணிக்கு அழுகை. மார்பில் போட்டால் ஐந்து நிமிடம் குடித்துவிட்டு வாயை எடுத்துக்கொண்டு வீறிடும். தோளில் தூக்கிப் போட்டால் மறுபடி மார்பைத் தேடும். பத்து, பதினொரு மணி வரை இதே பாடுதான்.

இதற்குள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். 'திருஷ்டி பட்டிருக்கும், சுத்திப் போடு' என்பார் ஒருவர். 'உரம் விழுந்திருக்கு' என்பார் இன்னொருவர். 'வயிறு உப்புசமா இருக்கும், கிரைப் வாட்டர் கொடு' என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆலோசனை வரும். கடைசியில் யாராவது அந்த ஒரு வரியைச் சொல்வார்கள்: "உனக்குப் பால் பத்தலை போல இருக்கும்மா. ஒரு பால் டப்பா வாங்கிட்டு வரச் சொல்லு."

மற்ற காரணங்கள் பெரும்பாலும் அன்றைக்கு ராத்திரியோடு போய்விடும். இந்த ஒன்று மட்டும் அடுத்த ஆறு மாதங்களையே மாற்றிவிடக்கூடியது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்களின் விகிதத்தில், தமிழ்நாடு 63.7 சதவீதம் என்ற தேசிய சராசரியைவிடக் கீழேதான் இருக்கிறது. மருத்துவமனையில் ஒழுங்காகத் தொடங்கும் தாய்ப்பால், வீட்டுக்கு வந்த பிறகு எங்கே நழுவுகிறது என்று தேடினால், அதில் ஒரு பெரிய பங்கு இந்தச் சாயங்கால அழுகைக்கு இருக்கும்.

அழுகை ஏன் சாயங்காலத்தில் மட்டும்?

இது நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. டி. பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 80 அம்மாக்களிடம் குழந்தை தினமும் எப்போது, எவ்வளவு நேரம் அழுகிறது என்று குறித்துவைக்கச் சொல்லி, 1962-ல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டாவது வாரத்தில் இருந்து அழுகை ஏறிக்கொண்டே போனது. ஆறாவது வாரத்தில் உச்சம்: ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம். பிறகு படிப்படியாக இறங்கியது. அந்த அழுகையில் பெரும்பகுதி சாயங்காலத்தில்தான். இவை எல்லாம் நோய் எதுவும் இல்லாத, நன்றாக வளர்ந்த குழந்தைகள்.

'அமெரிக்காக்காரங்க குழந்தையைத் தனியா தொட்டில்ல போடுறாங்க, அதான் அழுது' என்று தோன்றலாம். அதையும் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரி பகுதியில் வாழும் குங் சான் மக்களின் குழந்தைகள் நாள் முழுக்க அம்மாவின் உடம்போடு ஒட்டியே இருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல தடவை பால் குடிப்பார்கள். ரொனால்ட் பார் குழுவினர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குழந்தைகளுக்கும் இதே போல ஏறி இறங்கும் அழுகை இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் அழுத நேரம் ரொம்பவே குறைவு. அதாவது அழுகையின் பருவத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. தூக்கிவைத்துக்கொண்டால் அது சீக்கிரம் அடங்கியது.

ஒரே ஒரு காரணம் என்று எதையும் மருத்துவம் சுட்டிக்காட்டவில்லை. பச்சைக் குழந்தையின் உடலில் பகல், ராத்திரி என்ற கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஒரு ஒழுங்குக்கு வர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். பகலெல்லாம் பார்த்த வெளிச்சம், கேட்ட சத்தம், மாறி மாறித் தூக்கிய கைகள் எல்லாம் சேர்ந்து அந்தி நேரத்தில் குழந்தை களைத்துப்போகிறது. களைத்த குழந்தைக்குத் தானாகத் தூங்கத் தெரியாது. ஆபீஸ் முடிந்து பார்க்க வருபவர்களும் சரியாக அந்த நேரத்தில்தான் வருவார்கள். டிவியில் சீரியலும் அப்போதுதான் தொடங்கும்.

ஆறாவது வாரம் என்றதும் நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம். ஆனால் 'ஊசி போட்டதில இருந்துதான் தினமும் அழுது' என்று சொல்லப்படும் வாரக்கணக்கான அழுகை, ஊசி போடாமல் இருந்தாலும் வந்திருக்கும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பால் கேட்பது எதற்கு?

சாயங்காலத்தில் மார்பு காலையைப் போலக் கனமாக இருக்காது. பெரும்பாலான அம்மாக்களுக்கு விடியற்காலையில் ஒரு தடவையில் கிடைக்கும் பாலின் அளவு அதிகம். அந்தி நேரத்தில் குறைவு. ஆனால் மார்பு எவ்வளவு காலியாக இருக்கிறதோ, அவ்வளவு கொழுப்பு அந்தப் பாலில் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, கொழுப்பு மிகுந்த பால் என்பதுதான் சாயங்காலத்துக் கணக்கு. குழந்தை அடுத்தடுத்துக் கேட்டுக் குடிப்பதை 'கிளஸ்டர் ஃபீடிங்' என்பார்கள். ராத்திரி கொஞ்சம் நீளமாகத் தூங்குவதற்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் வேலை என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

'மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தா போதும்' என்பது பலரும் நம்பும் விதி. ஆஸ்திரேலியாவில் 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று, தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளரும், ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான 71 குழந்தைகளை அளந்து பார்த்தது. ஒரு நாளைக்கு 6 தடவை குடித்த குழந்தையும் இருந்தது, 18 தடவை குடித்ததும் இருந்தது. இரண்டும் ஆரோக்கியமான குழந்தைகள்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

டப்பா பால் வந்ததும் என்ன ஆகும்?

அன்றைக்கு ராத்திரி பிரமாதமாக இருக்கும். பவுடர் பால் செரிக்க நேரம் எடுக்கும். வயிறும் ஒரே தடவையில் நிரம்பிவிடும். குழந்தை அடித்துப்போட்ட மாதிரி மூன்று, நான்கு மணி நேரம் தூங்கும். 'பாத்தியா, பசிதான்னு சொன்னேன்ல' என்று சொன்னவர் ஜெயித்துவிடுவார்.

அந்த நேரத்தில் அம்மாவின் உடலில் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. குடிக்காத பால் மார்பிலேயே தேங்கும். தேங்கிய பாலில் இருக்கும் ஒரு பொருளும், நிரம்பிய மார்பின் அழுத்தமும் சேர்ந்து 'இனி இவ்வளவு வேண்டாம்' என்று சுரப்பைக் குறைக்கும். தொடர்ந்து சில நாள் இப்படி நடந்தால் பால் உண்மையிலேயே குறையும். இப்போது குழந்தை அழுவது நிஜமான பசியால். சாயங்காலம் ஒரு தடவை கொடுத்தது ராத்திரிக்கும் என்றாகி, பிறகு பகலுக்கும் வந்துவிடும். மூன்றாவது மாதத்தில் 'எனக்குப் பாலே இல்லாமப் போச்சு' என்று அந்த அம்மா சொல்லும்போது அது பொய் இல்லை. ஆனால் அது தொடக்கத்தில் இருந்த நிலைமையும் இல்லை. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று ஊரில் சொல்வது தாய்ப்பாலுக்கு அப்படியே பொருந்தும்.

இந்தியாவில் பால் பவுடரை விளம்பரம் செய்யவே தடை இருக்கிறது. 1992-ம் ஆண்டுச் சட்டம் 2003-ல் திருத்தப்பட்டு இன்னும் இறுக்கப்பட்டது. தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சடித்தாக வேண்டும். விளம்பரமே இல்லாமல் அந்த டப்பா வீட்டுக்குள் வருகிறது என்றால், அதை விற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பயம்தான்.

அப்போ, பால் போதுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?

அழுகையை வைத்துத் தெரியாது. மார்பு தளர்ந்திருப்பதை வைத்தும் தெரியாது. ஒரு மாதம் ஆனதும் எல்லா அம்மாக்களுக்கும் அந்த ஆரம்பக் கனம் குறையும். பம்ப்பில் எவ்வளவு வருகிறது என்பதும் சரியான அளவுகோல் இல்லை. குழந்தை உறிஞ்சும் அளவுக்கு எந்த இயந்திரமும் எடுப்பதில்லை. பால் குடித்த பிறகும் பாட்டிலைக் கொடுத்தால் குடிக்கிறதே என்று கேட்கலாம். பச்சைக் குழந்தை வாயில் எது வைத்தாலும் உறிஞ்சும், பசி இல்லாவிட்டாலும்.

பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு. முதலாவது, நனையும் துணி. ஐந்தாவது நாளில் இருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். அது வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை மஞ்சளாக மலம் போகும். அதற்குப் பிறகு சில குழந்தைகள் நாலைந்து நாளுக்கு ஒரு தடவைதான் போகும். இளகலாக இருக்கும்வரை கவலை இல்லை. இரண்டாவது, எடை. பிறந்த சில நாட்களில் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு 25, 30 கிராம் என்று ஏறும். வாரம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம். இந்த இரண்டும் சரியாக இருந்தால், சாயங்காலம் எவ்வளவு அழுதாலும் பால் போதுகிறது.

சரியாக இல்லாவிட்டால்? அது வேறு விஷயம். குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடிப்பது, நாக்கு ஒட்டியிருப்பது, அம்மாவுக்குத் தைராய்டு பிரச்சினை, முன்பு மார்பில் செய்த அறுவை சிகிச்சை என்று நிஜமாகவே பால் குறையும் காரணங்கள் உண்டு. அப்போது டாக்டர் சொல்லும் அளவில் கூடுதல் பால் கொடுப்பது மருந்து மாதிரி. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. பாட்டிலுக்குப் பதில் பாட்டி காலத்துப் பாலாடை இருக்கிறது. கொடுக்கும்போதெல்லாம் மார்பில் இருந்தும் பாலை எடுத்துவிட்டால் சுரப்பு குறையாது.

சாயங்காலத்தைக் கடப்பது எப்படி?

ஐந்து மணிக்கே தயாராகிவிடுவது பாதி வேலையை முடிக்கும். அம்மா சாப்பிட்டு, தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பத்தியம் என்ற பெயரில் 'பச்ச உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே' என்று அளந்து கொடுப்பது, அதுவும் சித்திரை வெயிலில், கொடுமை. பார்க்க வருபவர்களைக் காலையில் வரச் சொல்லலாம். டிவி சத்தத்தைக் குறைத்து, ஒரு அறையிலாவது வெளிச்சத்தை மங்கலாக்கலாம்.

அடிக்கடி கேட்டால் அடிக்கடி கொடுப்பதுதான் வழி. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம், அதுவும் முடிந்தால் மறுபடி முதல் பக்கம். மார்பு ஒருபோதும் முழுசாகக் காலியாவதில்லை. குடிக்காமல் வீறிட்டால், சட்டையைக் கழற்றி அம்மாவின் அல்லது அப்பாவின் வெற்று மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைத்தால் பல குழந்தைகள் அடங்கும்.

அதன் பிறகு வேலை அம்மாவுடையது இல்லை. வயிறு நிறைந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க அப்பாவோ தாத்தாவோ போதும். கனடாவில் 1986-ல் வெளியான ஆய்வில், அழாத நேரத்திலும் குழந்தையைக் கூடுதலாகத் தூக்கிவைத்திருந்த வீடுகளில் ஆறாவது வாரத்து அழுகை 43 சதவீதம் குறைந்தது. சாயங்கால அழுகை மட்டும் 51 சதவீதம். ஏற்கனவே மணிக்கணக்கில் அழும் குழந்தைகளிடம் பிறகு செய்து பார்த்தபோது இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, அழத் தொடங்கும் முன்பே தூக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. 'கைச்சூட்டுக்குப் பழகிடும்' என்று பயப்படத் தேவையில்லை. இந்த வயதில் கெட்ட பழக்கம் என்று ஒன்று கிடையாது.

ஜப்பானின் ரிகென் ஆய்வு நிலையம் 2022-ல் ஒரு கணக்கே சொன்னது. 21 குழந்தைகளிடம் மட்டும் செய்த சின்ன ஆய்வுதான். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்தால் அழுகை நிற்கிறது. பாதிக்குப் பாதி குழந்தைகள் தூங்கியும் விடுகின்றன. ஆனால் உடனே கீழே போட்டால் விழித்துவிடும். மடியில் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, தூக்கம் ஆழமானதும் படுக்கவைக்க வேண்டும். ஆரத்தி எடுத்து, மிளகாய் சுத்திப் போட்டு முடிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கவனிக்கலாம்.

இதமான தண்ணீரில் குளிப்பாட்டுவதும் தூக்கத்துக்கு நல்லதே. ஆனால் குளித்த பிறகு காட்டும் சாம்பிராணிப் புகை, பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. துண்டால் தலையைத் துவட்டினால் போதும். கொசுவர்த்திக்குப் பதில் வலை. 'உரம் எடுக்கிறேன்' என்று சேலையில் போட்டு உருட்டுவதும் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தை அது.

வசம்பு, கிரைப் வாட்டர், தேன்?

சுருக்கமாகச் சொன்னால், மூன்றும் வேண்டாம். வசம்பில் இருக்கும் பீட்டா-அசரோன் நச்சுத்தன்மை கொண்டது. அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டது. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் பிறந்த சமாச்சாரம். பழைய தயாரிப்பில் ஆல்கஹால் இருந்தது, இப்போது இல்லை, அழுகையைக் குறைக்கும் என்ற நிரூபணமும் இல்லை. தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமியால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோய் வரலாம். ஆறு மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு.

ராத்திரி எப்படிச் சமாளிப்பது?

குழந்தை ராத்திரியில் விழிப்பது கோளாறு இல்லை. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம்; அந்த நேரத்துப் பால்தான் மொத்தச் சுரப்பையும் தாங்கிப்பிடிக்கிறது. குழந்தையின் உடல் இன்னும் ஒழுங்காகச் சுரக்காத மெலடோனின், அம்மாவின் ராத்திரிப் பாலில் இருக்கிறது. பிறந்த எடையைத் தொடும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். எடை நன்றாக ஏறும் குழந்தையை அதற்குப் பிறகு எழுப்ப வேண்டியதில்லை.

பெரிய லைட்டைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், மலம் போயிருந்தால் மட்டும் துணி மாற்றிவிட்டு, பால் கொடுத்துத் திரும்பப் படுக்கவைத்தால் சில வாரங்களில் பகலும் ராத்திரியும் வேறு என்று குழந்தைக்குப் பிடிபடும். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால், ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கக் கற்றுக்கொள்வது பெரிய உதவி. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே நர்ஸிடம் கேட்டு ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம்.

எங்கே படுக்கவைப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். எப்போதும் மல்லாக்க, சமமான, கெட்டியான படுக்கையில், தலையணையோ கனமான போர்வையோ இல்லாமல். அம்மா இருக்கும் அறையில், தனிப் படுக்கையில் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு ஒன்றின் 2020 வழிகாட்டி, ஆபத்துக் காரணங்கள் இல்லாத வீட்டில் பால் கொடுக்கும் அம்மா பக்கத்தில் படுக்கவைப்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பாகச் செய்யக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கம் இதற்கு ஏற்றது. அமுங்கும் இலவம்பஞ்சு மெத்தை ஏற்றது இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வேண்டாம். அம்மாவின் மறுபக்கம் போதும். வீட்டில் யாராவது புகைப்பவர், குடித்துவிட்டுப் படுப்பவர் இருந்தால், தூக்க மாத்திரை எடுத்திருந்தால், குழந்தை குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்திருந்தால், கட்டாயம் தனிப் படுக்கைதான். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி தூங்கிவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

சேலைத் தூளி? ஆட்டித் தூங்கவைக்க அருமையானது. ஆனால் ஆழமான தூளியில் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுவழி அடைபடும். துணி மூடியிருப்பதால் முகமும் தெரியாது. அதனால் தூங்கியதும் எடுத்துச் சமமாகப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூளியில் விட்டுவைக்கக் கூடாது.

அம்மா தாங்க முடியாத நிலையில் இருந்தால்

ராத்திரி எட்டில் இருந்து பதினொன்று வரை பால் கொடுத்தவர், அதன் பிறகு மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்க வேண்டும். குழந்தை பசிக்கு எழுந்தால் மட்டும் அவரிடம் கொடுத்து, ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் வேறு ஆள் செய்யலாம். காலையில் பாட்டி குளிப்பாட்டும் நேரத்தில் இன்னொரு தூக்கம். வீட்டு ஆட்கள் டப்பாவுக்குச் செலவழிக்கும் அக்கறையை இந்த இரண்டு தூக்கத்துக்குக் காட்டினால் நிறைய விஷயம் சரியாகும்.

எதற்கும் அடங்காமல் குழந்தை அழுது, எரிச்சல் தலைக்கு ஏறினால், குழந்தையைப் பாதுகாப்பாகக் கீழே படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நிற்கலாம். குழந்தையை ஒருபோதும் குலுக்கக் கூடாது. சில விநாடிக் குலுக்கலே மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாத அழுகை, குழந்தை மேல் பிடிப்பின்மை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராதது போன்றவை அம்மாவுக்கு இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தினமும் அதே நேரத்தில் வந்து, இடையில் பால் குடித்து, பிறகு தூங்கிவிடும் அழுகைதான் மேலே சொன்ன அழுகை. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, உடல் 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலோ, ஜில்லென்று ஆனாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அழுகை திடீரென்று கீச்சென்ற வேறு குரலில் மாறி நிற்காமல் தொடர்ந்தாலும் அப்படித்தான். விரலில் முடி சுற்றி இறுக்கியிருக்கிறதா, அடிவயிற்றுக்குக் கீழே வீக்கம் இருக்கிறதா என்று துணியை அவிழ்த்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108.